புதுச்சேரியில் கொலை மர்ம விருந்து: காசு கொடுத்துப் போகலாமா?

போகலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே ஒரு குறையைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதப்போகிறேன், அதை மட்டும் படித்துவிட்டு யாரும் போகாமல் இருந்துவிடக் கூடாது.

விஷயம் இதுதான். ஒயிட் டவுனில் ரோமன் ரோலண்ட் தெருவை ஒட்டி ஒரு பழைய வீடு. வார இறுதிகளில் அதை வாடகைக்கு எடுத்து ஒரு சின்ன நாடகக் குழு கொலை மர்ம விருந்து நடத்துகிறது. குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, வாசலில் பலகையும் கிடையாது, வாட்ஸாப்பில்தான் முன்பதிவு. ஆளுக்கு 1,200 ரூபாய், இரவுச் சாப்பாடு அதிலேயே அடக்கம். நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் கதை நடக்கும், ஒருவர் செத்துப்போவார், அப்புறம் நாமே எழுந்து போய்ச் சம்பவம் நடந்த அறையைப் பார்க்கலாம், சந்தேகத்துக்குரியவர்களைக் கேள்வி கேட்கலாம், கடைசியில் ஒரு சீட்டில் யார், எப்படி, ஏன் என்று மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். முழுக்கத் தமிழில் நடக்கிறது, அதுவும் புதுச்சேரித் தமிழில், 'குசினிப் பக்கம் போனேன்' (குசினி என்றால் சமையலறை) என்பதெல்லாம் இயல்பாக வந்து விழுகிறது. கடலூரிலிருந்து பெரியம்மா, அண்ணி, அண்ணன் மகன், நான் என்று நான்கு பேர் போயிருந்தோம்.

கதை நடப்பது 1954 அக்டோபர் 31 இரவு. இந்த நாளைப் பிடித்ததற்கே அவர்களைப் பாராட்ட வேண்டும். கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, அதில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. விடிந்தால் நவம்பர் 1, நிர்வாகம் கைமாறுகிறது. அந்த இரவில் ஒரு தங்க வியாபாரி தன் வீட்டிலேயே குத்துப்பட்டுச் சாகிறார், விசாரிக்க வரும் கொமிசேருக்கு, அதாவது பிரெஞ்சுப் போலீஸ் அதிகாரிக்கு, விடியும்வரைதான் அதிகாரம். குற்றக் கதைக்குக் கெடு வைப்பது பழைய உத்தி, தூக்குமேடை, வெடிகுண்டு, புறப்படப்போகும் ரயில் என்று எத்தனையோ பார்த்திருக்கிறோம், பெரும்பாலும் அந்தக் கெடு எழுத்தாளர் வலிந்து ஒட்டியதாகத் தெரியும். இங்கே கெடுவைச் சரித்திரமே கொடுத்துவிட்டது. எல்லையில் சுங்கக் கெடுபிடி, கடத்தல், பிரான்சுக்குக் கப்பலேறப் போகிறவர்கள், இங்கேயே இருந்துவிடப் போகிறவர்கள் என்று அந்தக் காலத்துப் புதுச்சேரியில் கொலைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர். வியாபாரியின் தம்பி, இரண்டாம் மனைவி, கணக்குப்பிள்ளை, பத்திரம் எழுதும் நொத்தேர், குடும்ப டாக்டர், சமையல்காரர். வெளியே ஐப்பசி மழை, வெளிக்கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு க்ளோஸ்ட் சர்க்கிள் என்று பெயர், தீவில் மாட்டிக்கொண்டவர்கள், பனியில் நின்றுபோன ரயிலில் இருப்பவர்கள் என்று ஆங்கிலக் கதைகளில் ஏராளம். யார் என்ற கேள்வி ஒரு சின்னக் கூட்டத்துக்குள் அடங்கினால்தான் படிப்பவருக்கு ஒவ்வொருவரையும் எடை போட அவகாசம் கிடைக்கும். பனிக்குப் பதில் நம் ஊர் அடைமழையை வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்னொரு லாபம், எல்லோரும் முகம் தெரியாத நடிகர்கள். நம் சினிமாவில் ஒரு பெரிய நடிகர் சின்ன வேடத்தில் சும்மா வந்துபோனால் அவர்தான் கொலையாளி என்று இடைவேளைக்கு முன்பே தியேட்டருக்கே தெரிந்துவிடும். அந்தக் குறுக்குவழி இங்கே இல்லை.

இந்த வகைக் கதைக்கு ஒரு ஒப்பந்தம் உண்டு, அதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். ரொனால்ட் நாக்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு பாதிரியார், அவரே துப்பறியும் கதைகள் எழுதியவர், 1929இல் பத்துக் கட்டளைகள் போட்டார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, யாரும் கேள்விப்படாத விஷம் கூடாது, முன்கூட்டியே கோடி காட்டாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது, துப்பறிபவர் கண்ணில் பட்ட துப்பு அப்போதே வாசகர் கண்ணிலும் பட வேண்டும். அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பில் சேர்ந்த எழுத்தாளர்கள் கிட்டத்தட்ட இதே நியாயத்துக்கு உறுதிமொழியே எடுத்துக்கொண்டார்கள். ஃபேர் ப்ளே என்று சொல்வது இதைத்தான். எல்லாக் கதையும் இதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தற்செயல் வந்து துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பதும் நாக்ஸ் போட்ட கட்டளைதான், ஆனால் தேவனின் துப்பறியும் சாம்பு முழுக்க முழுக்கத் தற்செயலில் ஜெயித்தவர், அவரைப் பிடிக்காத தமிழ் வாசகரை நான் பார்த்ததில்லை. அங்கே நம் கையில் யாரும் சீட்டைக் கொடுத்து 'நீ கண்டுபிடி' என்று சொல்லவில்லை, அதுதான் வித்தியாசம். சீட்டைக் கொடுத்துவிட்டால் கட்டளை பொருந்தும்.

சரி, இந்தக் கதையின் முக்கியத் துப்புக்கு வருகிறேன், அது ஒரு வாழையிலை. இந்தக் கதையை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டு வேறு கதை போடப்போகிறார்கள், இதை எழுதலாமா என்று கேட்டு அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். கொலையாளி யார் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அறைக்குள் ஐந்தைந்து பேராக விடுகிறார்கள். நடுவில் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி வியாபாரி மேசைமேல் சாய்ந்து கிடக்கிறார், முதுகில் கத்தி. ஜன்னல் திறந்திருக்கிறது, ஜன்னல் திட்டில் சேறு. மேசைமேல் பாதி சாப்பிட்ட வாழையிலை. பார்த்தவுடன் என்ன தோன்றும்? தோட்டத்திலிருந்து எவனோ ஜன்னல் ஏறிக் குதித்துப் பின்னாலிருந்து குத்திவிட்டுப் போயிருக்கிறான். எல்லோரும் சேற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, பெரியம்மா இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏண்டா, நுனி எந்தப் பக்கம் இருக்கு பாரு."

செத்தவரின் வலக்கைப் பக்கம் இருந்தது. எங்களோடு வந்த ஒருவர், "நாடகத்துக்காரங்க அவசரத்துல மாத்திப் போட்டிருப்பாங்கம்மா" என்றார். பெரியம்மா விடவில்லை. "கூட்டு, பொரியலெல்லாம் இவரு பக்கம் இருக்கு, சோறு அந்த நாற்காலிப் பக்கம் இருக்கு. எலைய மாத்திப் போட்டா சோத்தையுமா மாத்தி வெப்பாங்க? இவரு அங்க உக்காந்துதான் சாப்பிட்டிருக்காரு."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தால் முகம் ஜன்னலைப் பார்க்கும், முதுகு வீட்டுக்குள்ளிருந்து வரும் கதவுக்கு இருக்கும். அப்படியானால் ஜன்னல் வழியாக எவனும் திருட்டுத்தனமாக ஏறி வந்திருக்க முடியாது. குத்தியவர் உள்கதவு வழியாக வந்தவர், குத்திய பிறகு உடலைத் தூக்கி எதிர் நாற்காலியில் சாய்த்தவர், இலையைத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதும் ஒரு துப்பு, அதை எழுதினால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். தமிழ் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த எவரும் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம், ஒளிவுமறைவே இல்லாமல் மேசை நடுவில் கிடக்கிறது, அரைமணி நேரத்துக்கு மேல் அத்தனை பேரும் அதைத் தாண்டிப் போனார்கள். துப்பை மறைப்பதற்குச் சிறந்த இடம் தினமும் பார்க்கும் பொருள் என்று சொல்வார்கள். இதை எங்கிருந்தோ எடுத்துத் தமிழுக்கு மாற்றியதாக இருக்கவே முடியாது, இந்த மண்ணிலேயே யோசித்திருக்கிறார்கள். இந்த ஒரு இலைக்காகவே 1,200 ரூபாய் கொடுக்கலாம்.

சேறு வெறும் திசைதிருப்பல். ரெட் ஹெர்ரிங் வைப்பது சுலபம், அதற்கு ஒரு நேர்மையான காரணம் கொடுப்பதுதான் கஷ்டம். மோசமான கதைகளில் கடைசி அத்தியாயம் வந்தவுடன் பொய்த்தடம் அந்தரத்தில் நிற்கும், அந்த ரத்தக்கறை எப்படி வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. இங்கே சேற்றுக்கும் ஒரு மனிதர், ஒரு பயம், அவர் மறைக்க நினைத்த ஒரு சின்னத் தப்பு இருக்கிறது, அதைக் கேள்வி கேட்டே வெளியே கொண்டுவரலாம். அண்ணன் மகன் கொண்டுவந்தான், பத்தாவது படிக்கிறான், குறுக்கு விசாரணையில் கெட்டிக்காரன்.

டாக்டர் உடலைத் தொட்டுப் பார்த்து, "எட்டேகாலுக்கு இறந்திருக்கிறார்" என்று சொல்வது கதைகளில் மட்டும் நடக்கும் சங்கதி. நிஜத்தில் உடல் சூடு குறைவது, விறைப்பு பிடிப்பது, வயிற்றில் இருக்கும் சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்று ஒரு இடைவெளிதான் தருவார்கள், நம் ஊர் வெக்கையில் உடல் மெதுவாகத்தான் குளிரும் என்பதால் அந்த இடைவெளி இன்னும் நீளும். ஆனால் அலிபியை, அதாவது அந்த நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்ற சாக்கை, வைத்து விளையாட வேண்டுமானால் மணி துல்லியமாக வேண்டும், அந்த வசதியை நாம் விட்டுக்கொடுத்துவிடுவதுதான் முறை. எனக்கு அதில் புகார் இல்லை.

நடுவில் ஒரு பாயசக் காட்சி வருகிறது. அதிர்ச்சிக்கும் பதற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை சினிமா இயக்குநர் ஹிட்ச்காக் மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டை வைத்து விளக்குவார்: குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் சில நொடி அதிர்ச்சி, இருப்பது நமக்குத் தெரிந்து, அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிடம் பதற்றம். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, பாயசக் கிண்ணம் குசினியிலிருந்து வரும் வழியில் ஒரு கை அதில் ஏதோ கலப்பதை வலப்பக்க மேசைகளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டிவிட்டு, அந்தக் கிண்ணத்தைத் தம்பிக்கு முன்னால் வைத்து, அவரை நிலம், பங்கு, அம்மா என்று பேசவிட்டார்கள். கரண்டியை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். ஒரு குழந்தை பொறுக்க முடியாமல் "அங்கிள், குடிக்காதீங்க!" என்று கத்திவிட்டது, கூடமே அதிர்ந்தது. நடிகர் துளிகூட அசரவில்லை. இத்தனைக்கும் அது யார் கொன்றார் என்பதோடு சம்பந்தமில்லாத பக்கக் கதை, ஆனாலும் மாலையிலேயே மனசு படபடத்த இடம் அதுதான்.

கொமிசேரோடு சிவப்புக் கெப்பித் தொப்பி போட்ட ஒரு சிப்பாய் வருகிறார், இன்றைக்கும் புதுச்சேரி போலீஸ்காரர்கள் தலையில் பார்க்கும் அதே சிவப்பு. அவர்தான் இந்தக் கதையின் வாட்சன். துப்பறிபவர் மனசுக்குள் யோசிப்பதை நமக்குக் கேட்கிற மாதிரி வெளியே வரவைக்கத்தான் இந்தத் துணைப்பாத்திரமே, நாம் கேட்க நினைக்கும் கேள்வியை அவர் கேட்பார், நம்மைவிட ஒரு படி பின்னால் நிற்பார். தமிழில் இந்த இடத்தை வேறு மாதிரி வளர்த்தார்கள். கணேஷுக்கு வசந்த், பரத்துக்கு சுசீலா, நரேந்திரனுக்கு வைஜயந்தி, விவேக்குக்கு ரூபலா என்று நம் பாக்கெட் நாவல் தலைமுறைக்குத் துணை என்றால் கிண்டல், சீண்டல், கொஞ்சம் காதல் எல்லாம் சேர்ந்தது. இந்தச் சிப்பாய் வசந்த் பரம்பரை. பேச்சில் குறும்பு இருக்கிறது, ஆனால் அதே குறும்போடு மேசை மேசையாக வந்து இதுவரை தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறார், பின்வரிசையில் சரியாகக் கேட்காதவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆறு பேரும் பச்சை அட்டை போட்ட ஒரு கணக்குப் புத்தகத்தைத் தேடுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைசிவரை சொல்லவே இல்லை. பக்கத்து மேசையில் ஒருவர் இதை ஏமாற்று வேலை என்று சண்டைக்கே போய்விட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதே ஹிட்ச்காக் மக்கஃபின் என்று சொன்னது இந்த மாதிரிப் பொருளைத்தான், பாத்திரங்கள் அதற்காக உயிரை விடுவார்கள், நமக்கு அதன் உள்ளடக்கம் தேவையில்லை, அவர்கள் ஓடுவதுதான் தேவை. அந்தப் புத்தகத்தில் இருப்பது தெரியாமலே கொலையாளியைக் கண்டுபிடிக்க முடிந்தது, ஆகவே அது நியாயம்.

இப்போது குறை. எல்லாம் விசாரித்து முடிந்ததும் சிப்பாய் மணி அடிக்கிறார். கூடத்தில் விளக்கெல்லாம் போட்டுவிட்டு, "கண்டுபிடிக்க வேண்டிய எல்லாத் துப்பும் இப்ப உங்க கையில இருக்கு" என்று சொல்லிச் சீட்டைக் கொடுக்கிறார். எல்லரி குவீன் என்ற பெயரில் சேர்ந்து எழுதிய இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் 1929 முதல் தங்கள் நாவல்களில் கதையை நிறுத்திவிட்டு வாசகருக்கு இதே சவாலை விடுவார்கள். எனக்கு இந்தத் தருணம் உயிர். மேசையே ஒன்றுகூடித் தலையைக் குனிந்து முணுமுணுப்பாக வாதாடும். நாங்கள் யார், எப்படி இரண்டையும் எழுதிவிட்டோம், ஏன் என்பதற்கு இரண்டு காரணம் யோசித்து ஒன்றை எழுதினோம். அப்புறம் கொமிசேர் எல்லோரையும் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொருவராகச் சந்தேகத்திலிருந்து விடுவித்துக்கொண்டே வந்து, கடைசி ஆளுக்கு முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுக்கிறார். வியட்நாமின் சைகோனிலிருந்து வந்த கடிதம். கொலைக்குக் காரணமே அதில்தான் இருக்கிறது. அந்தக் கடிதத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதாக ஒரு வசனம்கூட இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்குக் கூடத்தில் ஒருவருக்குக்கூட மூன்றாவது கேள்விக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை, கிடைக்கவும் முடியாது. இலையை அவ்வளவு நேர்மையாக வைத்த அதே கை இதைச் செய்யலாமா? எல்லாத் துப்பும் உங்கள் கையில் என்ற வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் நாடகமாக நினைத்து ரசித்துவிட்டு வந்திருப்பேன்.

முடிந்ததும் இயக்குநரைத் தேடிப் போய்க் கேட்டேன். இளைஞர், மரியாதையாகப் பேசினார். "முதல்ல கடிதத்த மேசமேலதான் வெச்சிருந்தோம் அண்ணே. முதல் அஞ்சு பேர்லயே ஒருத்தர் சத்தமா படிச்சிட்டாரு, மொத்தக் கூடத்துக்கும் தெரிஞ்சிபோச்சு. அதனாலதான் எடுத்துட்டோம்." அவர் சங்கடம் புரிகிறது. ஆனால் தீர்வு கடிதத்தை ஒளிப்பது இல்லை. கடிதம் வேண்டாம், வெளிநாட்டு முத்திரை குத்திய வெற்று உறையையாவது குப்பைக்கூடையில் போடுங்கள், யாருக்கு வந்தது என்ற விலாசத்தோடு, அப்புறம் நொத்தேரை விசாரிக்கும்போது சைகோன் சொத்து பற்றி ஒரு வரி பேசவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குக் காரணம் கிடைக்கும், மற்றவர்களுக்கு உறை வெறும் உறைதான் என்றேன். குறித்துக்கொண்டார். அடுத்த கதையில் இதைச் சரிசெய்தால் இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல துப்பறியும் மாலை இருக்காது என்று தைரியமாகச் சொல்வேன்.

கடைசிக் காட்சியில் இன்னும் இரண்டு விஷயம். கொலையாளி காரணம் வெளிப்பட்ட உடனே அழுது, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். இந்த ஒப்புதல் இந்த வகைக் கதையின் பழைய பழக்கம், ஏனென்றால் துப்பறிபவர் கையில் இருப்பது பெரும்பாலும் தர்க்கம்தான், நீதிமன்றத்துக்குப் போதுமான சாட்சியம் இல்லை. நம் சட்டப்படி போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. கதை நடப்பது பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ், அந்த முறையில் பெரிய குற்றங்களை விசாரிக்க விசாரணை நீதிபதி என்று ஒருவர் உண்டு, அவர் பெயரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். காலத்தை இவ்வளவு கவனமாகப் பிடித்தவர்கள் அதையும் பிடித்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. வடகம் தாளித்த மீன் குழம்பு, இறால் வறுவல், சைவத்துக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, பாயசம். சோறு மட்டும் இரண்டாம் முறை வர நேரமாகிறது, பரிமாறுபவர்களே நடிப்பதால் யாராவது சாகும்போது நம் இலைக்கு ரசம் வராது. மைக் கிடையாது, உயரமான கூரை, பேச்சு எதிரொலிக்கிறது, பெரியம்மாவுக்குத் தம்பியின் வசனம் பாதி கேட்கவில்லை.

முன்பதிவு செய்யும்போதே கூடத்தின் வலப்பக்க மேசை வேண்டும் என்று கேளுங்கள், குசினிக் கதவும் உள்ளறைக் கதவும் அங்கிருந்துதான் தெரியும். மாலையில் கடற்கரைச் சாலைக்குள் வண்டி விட மாட்டார்கள், உள்தெருக்களில் இடம் பிடிக்க 7 மணி ஆட்டத்துக்கு 6.15க்கே போய்விடுங்கள். ஆட்டம் முடிய 10.30 ஆகும், கடலூர், விழுப்புரம் பக்கம் பஸ்ஸில் திரும்புகிறவர்கள் அதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், நாடகம் புரியுமா என்று யோசிக்க வேண்டாம். அடுத்த கதை விழுப்புரத்திலிருந்து வரும் ஒரு ரயில் பெட்டிக்குள் நடக்கிறதாம், நாங்கள் நான்கு பேருக்கும் இப்போதே இடம் சொல்லி வைத்துவிட்டோம்.